ஒரு புத்தகம், ஒரு கைவேலை: வீட்டின் ஓய்வுப் பொழுதுக்கு ஒரு வழிகாட்டி

ஓய்வு நேரத்தில் எதையாவது படிக்க வேண்டும், கையால் எதையாவது செய்ய வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. ஆனால் அந்த ஆசை பெரும்பாலும் பொருள்களை வாங்கிச் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. புத்தகங்கள் அலமாரியில் ஏறுகின்றன, பல நிற நூல்கள் அடங்கிய பெட்டி மேசை இழுப்பறைக்குள் போகிறது, பிறகு அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் 'இன்னும் தொடங்கவில்லையே' என்ற உறுத்தல்தான் மிஞ்சுகிறது. இதற்குச் சோம்பலைக் குறை சொல்வது சரியல்ல. எதைப் படிப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும், கத்தரிக்கோலைத் தேட வேண்டும், மேசையை ஒழிக்க வேண்டும், போன முறை எங்கே விட்டோம் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இத்தனையும் முடிவதற்குள் கிடைத்த அரைமணி நேரத்தில் பாதி கரைந்துவிடும். ஆகவே ஒரே ஒரு ஏற்பாட்டை முதலில் செய்துகொள்ளுங்கள். ஒரு சமயத்தில் ஒரு புத்தகமும் ஒரு கைவேலையும் மட்டும் வெளியே இருக்கட்டும். அவை உட்காரும் இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில், அடுத்துச் செய்ய வேண்டியது பார்த்தவுடன் தெரியும் நிலையில் இருக்கட்டும். மற்றவை உள்ளேயே கிடக்கலாம்.

இடமும் வெளிச்சமும்

தனி அறையோ சாய்வு நாற்காலியோ வேண்டியதில்லை. முதுகைச் சாய்த்து உட்கார ஓர் இடமும், அருகில் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டும் போதும். ஊசி, நூல், பென்சில், கத்தரிக்கோல், கண்ணாடி ஆகியவற்றின் நிரந்தர இருப்பிடம் அந்தத் தட்டுதான் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். வெளிச்சம் விழும் திசையைப் பலரும் கவனிப்பதில்லை. படிக்கும்போது விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின்மீது விழுவது நல்லது. தைக்கும்போதும் வெட்டும்போதும், வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடப்பக்கத்திலிருந்தும் இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலப்பக்கத்திலிருந்தும் ஒளி வர வேண்டும். இல்லாவிட்டால் வேலை செய்யும் கையின் நிழலே ஊசி இறங்கும் இடத்தை மறைக்கும். கண்ணுக்கும் பக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 செ.மீ. தூரம் இருக்கட்டும். 20 நிமிடங்களுக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, 20 அடி தொலைவில் உள்ள ஏதாவது ஒன்றை 20 விநாடி பார்ப்பது கண் களைப்பைக் குறைக்கும் எளிய பழக்கம். கைபேசியைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை: அது வேறு அறையில் இருந்தால் போதும்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதும் கைவிடுவதும்

வாசிப்பை மறுபடி தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கனத்த நூல் ஒன்றைக் கையில் எடுத்து, முப்பதாவது பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். கிடைக்கும் நேரத்தின் அளவைப் பார்த்து நூலைத் தேர்ந்தெடுப்பதே நடைமுறைக்கு ஒத்து வரும். இடையிடையே எழுந்துபோக வேண்டிய வீட்டில் சிறுகதைத் தொகுப்பும் கட்டுரைத் தொகுப்பும் நன்றாக ஓடும். நாவலுக்கு இடையூறில்லாத ஒரு மணி நேரமாவது வேண்டும், அதிலும் பாத்திரங்கள் அறிமுகமாகும் முதல் சில அத்தியாயங்களை ஒரே இருப்பில் படித்துவிடுவது நல்லது. கவிதையை ஒரு பக்கத்துக்குமேல் தொடர்ந்து படித்தால் எதுவும் மனத்தில் தங்காது என்பது என் கருத்து. ஒன்றைப் படித்துவிட்டுக் கைவேலையை எடுப்பதே அதற்கு ஏற்ற முறை.

பிடிக்காத நூலைக் கைவிடுவதில் தயக்கமே வேண்டாம். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கு ஒட்டாத நூல் வேறொருவருக்காகக் காத்திருக்கிறது என்று நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பக்கம் பொறுத்துப் பார்ப்பது என்பதற்கு அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: 50 வயதுக்கு உட்பட்டவர்கள் 50 பக்கம் படித்துப் பார்க்கலாம், அதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தம் வயதைக் கழித்து, மிச்சமிருக்கும் எண்ணிக்கையளவு பக்கங்களைப் படித்தால் போதும். அதாவது 70 வயதுக்காரருக்கு 30 பக்கம். நூறு வயதைத் தொட்டவர் அட்டையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லலாம்.

படிப்பதை நிறுத்தும் இடமும் முக்கியம். அத்தியாயம் முடிந்த இடத்தில் மூடி வைத்தால் மறுநாள் திறப்பதற்குத் தனியாக ஓர் உந்துதல் தேவைப்படுகிறது. அடுத்த அத்தியாயத்தில் இரண்டு பக்கம் உள்ளே போய், ஒரு உரையாடலின் நடுவிலோ ஒரு கேள்வி எழுந்த இடத்திலோ அடையாளம் வைத்துவிட்டு எழுந்தால், அந்தக் கேள்வியே மறுநாள் இழுத்துக்கொண்டு வரும். திறந்ததும் முந்தைய அரைப்பக்கத்தை மறுபடி படியுங்கள். நெருடலான பத்தி வந்தால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நீண்ட வாக்கியத்தில் எழுவாய் எது, பயனிலை எது என்று கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். ஓராண்டில் எத்தனை நூல் முடித்தோம் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணத் தொடங்கியவர்கள் மெல்லிய நூல்களாகப் பார்த்துத் தேடத் தொடங்குகிறார்கள்.

முதல் கைவேலை: தைத்த குறிப்பேடு

கைவேலைகளில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், வாசிக்கிறவர்களுக்குச் சிறு குறிப்பேடு ஒன்றைத் தைப்பதையே முதலில் சொல்வேன். ஓர் இருப்பில் முடிந்துவிடும், செலவு மிகக் குறைவு, முடிந்த மறுகணமே பயன்படத் தொடங்கிவிடும்.

தேவையானவை: நான்கு ஏ4 வெள்ளைத் தாள், அட்டைக்குச் சற்றுத் தடித்த ஏ4 தாள் ஒன்று, கெட்டியான பருத்தி நூல் அல்லது லினன் நூல், அந்த நூல் நுழையும் ஊசி, துளையிடக் குத்தூசி, இரும்பு அளவுகோல், கூரான வெட்டுக் கத்தி. குத்தூசி இல்லையென்றால் தடித்த ஊசி ஒன்றைத் தக்கையில் செருகிக்கொண்டால் பிடிப்பதற்கு வாகாக இருக்கும்.

தாளை மடிப்பதற்கு முன்னால் அதன் ஓட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலையில் தாள் உருவாகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படிகின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் தாள் வழுவழுப்பாக மடியும், குறுக்கே மடித்தால் மடிப்பு முறுக்கிக்கொண்டு நிற்கும், குறிப்பேடும் தட்டையாகத் திறந்து கிடக்காது. எது எந்தத் திசை என்று கண்டுபிடிக்க, தாளை நீளவாக்கில் ஒருமுறையும் அகலவாக்கில் ஒருமுறையும் மடிப்பு விழாமல் மெல்ல வளைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எந்த வளைவு கைக்கு எளிதாக அடங்குகிறதோ, அந்த வளைவின் மடிகோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. அச்சுப்பொறிக்கு விற்கப்படும் ஏ4 தாள்களில் பெரும்பாலும் நீளப் பக்கத்துக்கு இணையாகவே ஓடும்.

இதனால்தான் ஏ4 தாளை ஒரே மடிப்பாக மடித்துத் தைத்த குறிப்பேடு விறைத்துக்கொண்டு நிற்கிறது: அதன் முதுகு நாருக்குக் குறுக்கே விழுந்துவிடுகிறது. தீர்வு எளிது. 210 × 297 மி.மீ. அளவுள்ள ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் 148 × 210 மி.மீ. அளவுள்ள இரண்டு ஏ5 தாள்கள் கிடைக்கும். அவற்றை மறுபடி பாதியாக மடித்தால் 105 × 148 மி.மீ., அதாவது ஏ6. இப்போது முதுகு நாருக்கு இணையாக வந்துவிட்டது. இந்த வரிசைத் தாள்களின் அகலமும் நீளமும் ஒன்றுக்கு இரண்டின் வர்க்கமூலம் என்ற விகிதத்தில் இருப்பதால், எத்தனை முறை பாதியாக்கினாலும் வடிவம் மாறுவதில்லை.

நான்கு தாளை வெட்டினால் எட்டு ஏ5 தாள்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மடித்து, மடிப்பைக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். தடித்த தாளிலிருந்தும் ஒரு ஏ5 துண்டை வெட்டி மடித்து, வெளியே அட்டையாகப் போர்த்துங்கள். எல்லாவற்றையும் விரித்து, மடிப்பின் உட்புறத்தில் நடுவில் ஒரு புள்ளியும், மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் 2 செ.மீ. தள்ளி ஒவ்வொரு புள்ளியும் பென்சிலால் குறியுங்கள். தாள்கள் நழுவாமல் இரண்டு கவ்விகளால் பிடித்துக்கொண்டு, அந்த மூன்று இடத்திலும் உள்ளிருந்து வெளியே குத்தூசியால் துளையிடுங்கள். துளை சரியாக மடிகோட்டின்மீதே வெளிப்பட வேண்டும். குத்தூசியைச் சாய்த்துப் பிடித்தால் வெளியே அட்டையில் மடிப்பைவிட்டு விலகி வந்து, தையல் கோணலாகத் தெரியும்.

முதுகின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு, அதாவது ஏறத்தாழ 45 செ.மீ. நூல் எடுத்துக்கொள்ளுங்கள். தேன்மெழுகுத் துண்டு இருந்தால் நூலை அதன்மீது இரண்டு முறை இழுத்தால் சிக்காது. ஊசியை உட்புறத்திலிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடுத்து, ஒரு விரல் நீளத்துக்கு நூலின் வாலை உள்ளே விட்டுவையுங்கள். வெளியே வந்த ஊசியை மேல்துளை வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். உட்புறத்தில் நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியேறுங்கள். வெளியிலிருந்து மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வந்தால் தையல் முடிந்தது. உள்ளே வரும்போது ஏற்கெனவே அந்தத் துளையில் இருக்கும் நூலை ஊசி துளைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; துளைத்துவிட்டால் நூலை இழுத்து இறுக்க முடியாது. நூலின் இரண்டு முனைகளும் உட்புறத்தில் ஓடும் நீண்ட தையலுக்கு இருபுறமும் ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். அந்தத் தையலை நடுவில் வைத்து அவற்றை இரட்டை முடிச்சாகக் கட்டினால் எதுவும் தளராது. இறுக்கும்போது நூலை மடிகோட்டுக்கு இணையாக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும்.

மடித்துப் பார்த்தால் உள்தாள்கள் வெளித்தாள்களைவிடச் சற்று முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். தாளின் தடிமன் அடுக்கடுக்காகச் சேர்வதால் இது நேரும், பிழையன்று. அளவுகோலை விளிம்போரம் அழுத்திப் பிடித்து, விரல்கள் அதன் விளிம்பைத் தாண்டாமல் வைத்துக்கொண்டு, கத்தியால் மெல்லிய கீறல்களாகப் பலமுறை இழுத்துச் சமப்படுத்துங்கள். ஒரே இழுப்பில் வெட்ட முயன்றால் தாள் நகர்ந்து விளிம்பு வளைந்துவிடும்.

இப்போது கையில் 32 பக்கமுள்ள குறிப்பேடு இருக்கிறது. அதைப் படிக்கும் புத்தகத்துக்கு இணையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இருப்பின் முடிவிலும், நூலைப் பார்க்காமல், நினைவில் தங்கியது என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து சரிபார்த்துப் பக்க எண்ணைச் சேருங்கள். வாக்கியத்தைப் பார்த்துப் பார்த்துப் படியெடுப்பது கைக்குத்தான் வேலை, நினைவிலிருந்து எழுதுவது மனத்துக்கு வேலை. பொருள் தெரியாத சொல், ஆசிரியரோடு உடன்படாத இடம், பாத்திரங்களின் உறவுமுறை ஆகியவற்றுக்குக் கடைசிப் பக்கங்களை ஒதுக்கலாம். ஏடு சிறியதாக இருப்பதால் நீட்டி எழுதத் தோன்றாது.

நூலும் ஊசியும்

குறிப்பேடு முடிந்த பிறகு நீண்ட நாள் கூட வரும் வேலை ஒன்று வேண்டும். அதற்குக் குரோஷே, அதாவது கொக்கி ஊசி ஒன்றால் நூலைப் பின்னும் வேலை, நல்ல துணை. மென்மையான, வெளிர் நிறமுள்ள, நடுத்தரத் தடிமன் நூலையும் 5 மி.மீ. கொக்கி ஊசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நூலும் மயிர் மயிராகச் சிலிர்த்த நூலும் பார்க்க அழகாக இருந்தாலும், கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கற்கும் காலத்துக்கு ஆகாது. 21 சங்கிலிக் கண்ணி (ஊசியில் உள்ள வளையத்தின் வழியாக நூலை இழுத்து உண்டாக்கும் கண்ணி) போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது கண்ணியில் தொடங்கினால் ஒரு வரிசைக்கு 20 தையல் வரும். கண்ணிக்குள் ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்துவிட்டால் ஒரு தையல். வரிசை முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டுத் திருப்ப வேண்டும்.

சதுரமாக வர வேண்டிய துணி வர வர ஒடுங்கி முக்கோணமாகிறது என்பதுதான் இதில் எல்லோரும் சொல்லும் குறை. ஒவ்வொரு வரிசையின் கடைசித் தையலும் ஓரத்தில் சுருண்டு ஒளிந்துகொள்வதால் அது விடுபட்டுப்போகிறது. வரிசையின் முதல் தையலில் வேறு நிற நூல்துண்டு ஒன்றைக் கோத்துவைத்தால், திரும்பி வரும்போது கடைசியாகத் தைக்க வேண்டிய இடத்தை அது காட்டிக்கொடுக்கும். அச்சிட்ட மாதிரிகளைப் பார்த்துச் செய்யத் தொடங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அமெரிக்க வழக்கில் ஒற்றைக் குரோஷே என்று சொல்லப்படுவதே பிரிட்டிஷ் வழக்கில் இரட்டைக் குரோஷே எனப்படுகிறது. மாதிரி எந்த வழக்கில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் தொடங்கினால் உயரமெல்லாம் மாறிவிடும்.

பூத்தையலை விரும்புகிறவர்கள் ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல் ஆகிய மூன்றோடு நெடுநாள் ஓட்டலாம். பூத்தையல் நூல் பொதுவாக ஆறு இழைகளாக வரும்; அதிலிருந்து இரண்டு இழையை மட்டும், ஒவ்வொன்றாக உருவி எடுத்து, சேர்த்துக் கோத்தால் கோடு மெலிதாகவும் சீராகவும் விழும். நூல் அரை மீட்டரைத் தாண்ட வேண்டாம். துணிக்குள் மறுபடி மறுபடி நுழைந்து வருவதால் நீண்ட நூல் பாதி வழியிலேயே பஞ்சாகிவிடும்.

ஒரே மாதிரியான வரிசைகள் ஓடும் நாளில் ஒலிநூல் கேட்டுக்கொண்டே பின்னலாம். எண்ணிக்கை மாறும் வரிசைகளில் அதை நிறுத்திவிடுவதே மேல். கதையும் எண்ணிக்கையும் மனத்தின் ஒரே இடத்துக்குப் போட்டியிடும், கதைதான் வெல்லும், பிறகு பிரித்துப் பின்ன வேண்டியதுதான்.

தாள் மடிப்பு

கருவி எதுவுமே இல்லாமல் பொழுதுபோக வேண்டும் என்றால் ஒரிகாமி இருக்கிறது. ஜப்பானியக் கலைஞர் யோஷிஸாவா அகிரா 1950களில் வகுத்த குறியீடுகளின் அடிப்படையில்தான் இன்றும் உலகெங்கும் மடிப்புப் படங்கள் வரையப்படுகின்றன: சிறு கோடுகளால் ஆன வரி பள்ள மடிப்பையும், கோடும் புள்ளியும் மாறி மாறி வரும் வரி மேட்டு மடிப்பையும் குறிக்கும். இந்த இரண்டையும் அம்புக்குறிகளையும் பழகிவிட்டால், எந்த மொழியில் வந்த மடிப்பு நூலையும் மொழி தெரியாமலே படித்துச் செய்யலாம். 15 செ.மீ. சதுரத்தாள் தொடக்கத்துக்குப் பொருத்தமான அளவு. முதல் மடிப்பில் மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை என்றால் அங்கேயே பிரித்துச் சரிசெய்துவிடுங்கள். அந்தச் சிறு விலகல் பத்தாவது மடிப்பில் பெரிய விலகலாக வந்து நிற்கும்.

புத்தகங்களைப் பேணுதல்

கை பழகிய பிறகு சொந்தப் புத்தகங்களைக் கவனிப்பதும் ஒரு நல்ல பொழுதுபோக்கே. அலமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் மேல்நுனியில் விரலை மாட்டி இழுக்காதீர்கள். முதலில் கிழிவது அந்த இடம்தான். இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளி, முதுகின் நடுவைப் பிடித்து எடுங்கள். கிழிந்த பக்கத்தில் ஒட்டுநாடாவை ஒட்டவே கூடாது. அதன் பசை நாளடைவில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எதைச் செய்தும் எடுக்க முடியாது. மெல்லிய நார்த்தாளைப் பட்டையாகக் கிழித்து மாவுப் பசையால் ஒட்டி, இருபுறமும் மெழுகுத்தாள் வைத்துக் கனத்தின் கீழ் ஓர் இரவு வைப்பதே ஏற்றது. பட்டையைக் கத்தரிக்காமல் கிழிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கிழித்த ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நார்கள் பக்கத்தோடு இழைந்துவிடும். ஈரம் தங்கும் சுவரோடு அலமாரியை ஒட்டிவைத்தால் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் வரும்; சிறிது இடைவெளி விட்டு, அவ்வப்போது புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டி வைத்தால் பெரும்பாலான தொல்லைகள் வராமலே போகும்.

பாதியில் நிற்கும் வேலைகள்

எந்த வேலையையும் மூட்டை கட்டி வைக்கும்போது அதனோடு ஒரு துண்டுச் சீட்டையும் வையுங்கள். ஊசியின் அளவு, நூலின் நிறம், முடித்த வரிசை எண், அடுத்துச் செய்ய வேண்டியது ஆகியவற்றை அதில் எழுதினால், ஆறு மாதம் கழித்துப் பிரித்தாலும் தலைகால் புரியும். குரோஷே வேலையில் கடைசிக் கண்ணியைப் பெரிதாக இழுத்து, அதில் ஒரு காப்பூசியைப் பூட்டிவிட்டால் பின்னல் பிரியாது. ஒரு வேலையில் மறுபடி கைவைக்க மனமே வரவில்லை என்றால், அதைப் பிரித்து நூலை உருண்டையாகச் சுற்றி வைத்துவிடலாம். பிரித்த நூல் சுருண்டிருக்கும். சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்துப் பிழியாமல் தொங்கவிட்டுக் காயவைத்தால் அடுத்த வேலைக்குத் தயாராகிவிடும்.